மாதா சொன்னதாக வரும் செய்தி: ராயபுரம் ஆயாவின் போனும், எண்ணூரின் அந்த இரவும்

விடிகாலை நாலரை மணிக்கெல்லாம் காசிமேடு விழித்துவிடும். விசைப்படகுகள் கரை சேரும். ஐஸ் பெட்டிகள் இழுபடும். ஏலக்குரல்களுக்கு நடுவே கூடைக்காரப் பெண்கள் முண்டியடித்துக்கொண்டு முன்னேறுவார்கள். அந்தச் சந்தடியிலும் பாதிப் பேர் கையில் போன் இருக்கும். காற்று எப்படி என்று தெரிந்துகொள்ள முன்பெல்லாம் வானத்தைப் பார்த்தார்கள். இப்போது வானத்தோடு சேர்த்து வாட்ஸ்அப்பையும் பார்க்கிறார்கள்.

'வங்கக் கடலில் சூறைக்காற்று வீசும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்று ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே யாரும் அதை அப்படியே நம்பிவிடுவதில்லை, தூக்கிப் போட்டுவிடுவதும் இல்லை. "இது எப்ப போட்டது? போன வருஷத்துதா? நுங்கம்பாக்கத்துல சொன்னாங்களா, இல்ல எவனாவது கெளப்பி விட்டானா?" என்றுதான் பேச்சு போகும். காரணம் எளிது. பொய்ச் செய்தியை நம்பிக் கரையிலேயே இருந்துவிட்டால் ஒரு நாள் பிழைப்பு போச்சு. உண்மைச் செய்தியை நம்பாமல் கிளம்பினால் ஆளே போகலாம்.

அதே போனில், அதே காலையில், இன்னொரு வகைச் செய்தியும் வருகிறது. கண்ணீர் வடிக்கும் மாதா படம். பின்னணியில் உருக்கமான இசை. 'அன்னை உலகுக்குச் சொன்ன கடைசி எச்சரிக்கை' என்று ஒரு குரல். மூன்று நாள் இருட்டு வரப்போகிறது, மந்திரித்த மெழுகுவர்த்தி மட்டும்தான் எரியும், உடனே 12 பேருக்கு அனுப்புங்கள். வீடியோவின் கீழே சில சமயம் ஒரு ஜிபே நம்பரும் இருக்கும்.

ராயபுரம் தெருக்களில் எந்த வீட்டிலும் கேட்கக்கூடிய பேச்சு இது:

"ஆயா, சுகர் மாத்திரை அட்டை அப்படியே கெடக்கு. போடலியா நீ?"

"மூணு நாளா அந்த எண்ணெயத்தான் தடவிக்கினு இருக்கேன். மாதா சொல்லியிருக்காங்கடி."

"உன்கிட்டயா சொன்னாங்க?"

"என்கிட்ட ஏன் சொல்லப்போறாங்க? வெளிநாட்டுல ஒரு அம்மாவுக்குக் காட்சி குடுத்துச் சொன்னாங்களாம். அன்பியம் குரூப்புல வந்துச்சு."

"குரூப்புல யாரு போட்டது?"

"பின்னாடித் தெரு அக்கா."

"அந்த அக்காவுக்கு யாரு அனுப்புனாங்க?"

"சாமி விஷயத்துல இப்படியெல்லாம் நோண்டக் கூடாதுடி."

அந்தக் கடைசி வரியில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. காற்றுச் செய்தியைக் குடைந்து குடைந்து கேட்கும் ஊர், மாதா செய்தி என்றால் கேள்வி கேட்பதே பாவம் என்று நினைக்கிறது. ஆனால் இந்த விஷயத்தில் ஆயாவின் பேத்தியைவிட அதிகமாக நோண்டுவது அவர்களுடைய திருச்சபையேதான்.

ராயபுரம் என்ற பெயரே கோயிலிலிருந்து வந்தது. பீட்டரைத் தமிழ்க் கத்தோலிக்கர் பழைய நாளில் இராயப்பர் என்றுதான் அழைத்தார்கள். பவுல் சின்னப்பர், ஜோசப் சூசையப்பர் ஆனதுபோல. பீட்டர் என்றால் பாறை, தெலுங்கில் ராயி என்றால் கல், அதிலிருந்து வந்த பெயர் என்பார்கள். துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்னால், நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து சரக்கையும் ஆட்களையும் மசூலா படகில் அலை தாண்டிக் கொண்டுவந்த படகுக்காரர்கள் எழுப்பியது புனித இராயப்பர் கோயில். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ராயபுரம் ஸ்டேஷனைவிட மூத்தது.

கோயிலைச் சுற்றிய சந்துகளில் நடந்தால் மூலைக்கு மூலை ஒரு கெபி. பாறைபோல் சிமென்ட் பூசி, உள்ளே நீல இடைக்கச்சையோடு லூர்து மாதா. பக்கத்துப் பெரம்பூரில் லூர்து அன்னைக்குப் பெரிய திருத்தலமே இருக்கிறது. சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்றுபவர்களில் எல்லா மதத்தினரும் உண்டு. ஆக, 'மாதா ஒருவருக்குக் காட்சி கொடுத்தார்' என்பது இந்தத் தெருக்களுக்கு அந்நியமான பேச்சே இல்லை. கெபி என்பதே ஒரு காட்சியின் நினைவுச் சின்னம்தானே.

ஆனால் அந்த லூர்து கதை எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். 1858-ல் பிரான்ஸின் சின்ன ஊர் ஒன்றில், பெர்னதெத் என்ற 14 வயது ஏழைச் சிறுமி தனக்கு ஒரு பெண் காட்சி தருவதாகச் சொன்னாள். மொத்தம் 18 முறை. யாரும் உடனே மாலை போடவில்லை. போலீஸ் விசாரித்தது. பங்குத்தந்தை அவளைக் கடிந்து விரட்டினார். ஆயர் ஒரு குழு போட்டு, ஏறத்தாழ 4 ஆண்டுகள் கழித்து, 1862 ஜனவரியில்தான் ஏற்றுக்கொண்டார். குணமானோம் என்று வருபவர்களைப் பரிசோதிக்க 1883-ல் அங்கேயே மருத்துவர் அலுவலகம் திறந்தார்கள். இதுவரை பதிவான குணமடைதல்கள் 7,000-க்கும் மேல். அவற்றில் புதுமை என்று ஆயர்கள் ஏற்றவை 70-ஐச் சற்றே தாண்டும். நூற்றுக்கு ஒன்று! கெபிக்குள் நிற்கும் மாதா இத்தனை விசாரணைக்குப் பிறகுதான் அங்கே வந்து நின்றிருக்கிறார்.

இன்னொன்று பல கத்தோலிக்கர்களுக்கே தெரியாது. இப்படி ஒரு தனி மனிதருக்குக் கிடைத்ததாகச் சொல்லப்படும் செய்தியைத் 'தனி வெளிப்பாடு' என்கிறது திருச்சபை. அதன் மறைக்கல்வி நூல் தெளிவாகவே பேசுகிறது: இயேசுவோடு வெளிப்பாடு முழுமை பெற்றுவிட்டது, தனி வெளிப்பாடு எதுவும் அதோடு புதிதாக ஒன்றைச் சேர்த்துவிட முடியாது, அது அந்தந்தக் காலத்தில் விசுவாசத்தை வாழ உதவலாம், அவ்வளவுதான். லூர்துவையும் பாத்திமாவையும் நம்பித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஒரு கத்தோலிக்கருக்குக் கிடையாது. லூர்துக்கே இல்லாத கட்டாயம், நேற்று ராத்திரி வந்த வீடியோவுக்கு எங்கிருந்து வரும்?

2024 மே 17-ல் வாடிகனின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை இதற்காகவே புதிய விதிமுறைகளை வெளியிட்டது. இரண்டு நாளில் அமலுக்கும் வந்தது. 1978-ல் எழுதிய பழைய விதிகளுக்குப் பதில் இது. இனி ஓர் ஆயர் தன் மறைமாவட்டத்தில் நடப்பதை விசாரித்து, வாடிகனின் ஒப்புதலோடுதான் முடிவைச் சொல்ல வேண்டும். ஆறு விதமான முடிவுகள் உண்டு. ஒரு முனையில் 'நிஹில் ஒப்ஸ்தாத்', அதாவது தடை இல்லை. மறுமுனையில் 'இது இயற்கைக்கு மேற்பட்டது அல்ல' என்ற அறிவிப்பு. நடுவில் கவனம் தேவை, பரப்பக் கூடாது என்று பல படிகள். 'ஆம், இது நிச்சயம் வானத்திலிருந்து வந்தது' என்ற முடிவு அந்த ஆறில் இல்லை. திருத்தந்தை விதிவிலக்காக விரும்பினால் ஒழிய, அப்படி யாரும் இனி முத்திரை குத்தப்போவதில்லை.

இது ஏன் முக்கியம் என்றால், செய்தி தருபவர்கள் சறுக்குவது இங்கேதான். 2024 செப்டம்பர் 19-ல் போஸ்னியாவின் மெட்ஜுகோரியே பற்றி வாடிகன் ஒரு குறிப்பு வெளியிட்டது. 1981 முதல் மாதா காட்சி தருவதாகச் சொல்லப்படும் ஊர். அங்கே போய் ஜெபிக்கத் தடை இல்லை, நல்ல பலன்கள் தெரிகின்றன என்றது குறிப்பு. காட்சிகள் உண்மை என்று சொல்லவில்லை. மாதா சொன்னதாக வரும் செய்திகளை 'சொல்லப்படும் செய்திகள்' என்றே குறிப்பிட்டது. 'மாதா காட்சியை வாடிகன் அங்கீகரித்தது' என்று ஒரு சேனல் தலைப்பு வைத்தால், பக்தி மிகுதியாலோ பார்வை எண்ணிக்கைக்காகவோ, அங்கே ஒரு சொல் களவு போயிருக்கிறது.

ஆயரே சொன்ன பிறகும் மாறியது உண்டு. ஆம்ஸ்டர்டாமில் 1945 முதல் ஒரு பெண்ணுக்கு மாதா தோன்றினார் என்ற விஷயத்தை உள்ளூர் ஆயர் 2002-ல் உண்மை என்று அறிவித்தார். ஆனால் அது இயற்கைக்கு மேற்பட்டது அல்ல என்று வாடிகன் 1974-லேயே முடிவு செய்திருந்தது. 2024 ஜூலையில் அந்தப் பழைய முடிவு வெளியே வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் படத்தை வீட்டில் மாட்டி வைத்தவர்களைக் குறை சொல்ல முடியுமா, பாவம்.

நம்ம ஊர்ச் செய்தி ஒன்றும் இதே வரிசையில் உண்டு. 2024 ஆகஸ்ட் 1-ல் தஞ்சை ஆயருக்கு வாடிகனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வேளாங்கண்ணி பற்றியது. பால் கேட்டு வந்த தாய், மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவன், புயலில் தப்பிய போர்ச்சுகீசியக் கப்பல் என்று நாம் கேட்டு வளர்ந்த கதைகளை அன்போடு நினைவுகூர்ந்தது கடிதம். பிற மதத்தினர் அங்கே திரளாக வருவதை மதக் கலப்பு என்று பார்க்கக் கூடாது என்றும் சொன்னது. வட சென்னையிலிருந்து காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்தே போகும் இளைஞர்களுக்கு அந்தக் கடிதம் வந்ததே தெரிந்திருக்காது. அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. அங்கே யாரும் மாதாவின் பெயரால் 'மாத்திரையை நிறுத்து' என்று சொன்னதில்லையே.

இராயப்பர் பேரில் ராயபுரம் இருக்கிறது என்றால், சென்னைக்கென்றே உரிய சீடர் தோமையார். உயிர்த்தெழுந்தவரைப் பார்த்தோம் என்று மற்ற பத்துப் பேரும் சொன்னபோது, 'காயத்தில் விரலை விட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன்' என்றவர். அவர் உயிர்நீத்த இடம் என்று மரபு சொல்லும் பரங்கிமலைக்கு, பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் போய்விடலாம். வட சென்னையின் இந்தப் பேச்சுக்கு மிக நெருக்கமான பழைய வழக்கு ஒன்று அங்கேதான் இருக்கிறது.

1547-ல் போர்ச்சுகீசியர் மலையுச்சியில் தோண்டியபோது ஒரு கற்சிலுவை கிடைத்தது. சுற்றிலும் யாருக்கும் புரியாத எழுத்துகள். 1558 டிசம்பர் 18-ல் பூசை நடக்கும்போது அந்தச் சிலுவை இரத்தம்போல் வியர்த்தது என்று பதிவானது. பிறகும் பல முறை வியர்த்ததாகவும், கடைசியாக 1704-ல் நடந்ததாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுத்துகளைப் படிக்க ஒரு பிராமணப் பண்டிதரை அழைத்துவந்தார்கள். அவர் தோமையாரின் வரலாற்றையே அதில் 'படித்து'க் காட்டினார். ஒவ்வொரு எழுத்துக்கும் பல சொற்கள் பொருள்! இன்னொரு பண்டிதரும் அதையேதான் படித்தார் என்றும் சேர்த்து எழுதினார்கள். கேட்டவர்களுக்குப் பிடித்தது, கேட்க விரும்பியதே கிடைத்தது. செய்தி ஐரோப்பா வரை போய்ப் புத்தகங்களில் ஏறியது.

முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1873-ல், ஏ.சி.பர்னெல் என்ற ஆங்கிலேய அதிகாரி அது பஹ்லவி, அதாவது பழைய பாரசீக எழுத்து என்று காட்டினார். இருப்பது ஒரு சின்ன வாசகம் மட்டுமே. கேரளத்தின் கோட்டயத்திலும் அதே வாசகம் கொண்ட சிலுவைகள் உண்டு. அதன் சரியான பொருள் என்ன என்று அறிஞர்கள் பிறகும் மாறி மாறிப் படித்தார்கள். தோமையாரின் கதை மட்டும் அதில் இல்லை என்பது உறுதியாகிவிட்டது.

சிலுவை இன்றும் மலைமேல் பீடத்தில்தான் இருக்கிறது. மக்கள் முழந்தாளிடுகிறார்கள். கல் பொய் சொல்லவில்லை. படித்துச் சொன்னவர்தான் கதை கட்டினார். எழுதியவர்கள் சரிபார்க்கவில்லை, அச்சிட்டவர்கள் திருப்பிக் கேட்கவில்லை. 16-ஆம் நூற்றாண்டின் ஃபார்வர்டு என்று இதைச் சொன்னால் தப்பில்லை.

மறுபடி வடக்கே திரும்பினால் திருவொற்றியூர். தேரடியில் மெட்ரோ வந்துவிட்டது. தியாகராஜர் கோயிலைத் தாண்டிக் கடல் பக்கம் போனால், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையோரம் பட்டினத்தார் சமாதி. அவர் கையில் ஒரு பேய்க்கரும்போடு ஊர் ஊராய் அலைந்தார், அந்தக் கசக்கும் கரும்பு எங்கே தித்திக்கிறதோ அங்கே முக்தி என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது, ஒற்றியூரில் தித்தித்தது என்பது கதை. அதுவும் ஒரு தனி வெளிப்பாடுதான். அவருக்கு மட்டும் வந்த அடையாளம், அவரே தன் நாவால் கடித்துப் பார்த்து அறிந்தது. அந்தக் கரும்பை அவர் யாருக்கும் துண்டு போட்டு விற்றதாகக் கதையில் இல்லை.

தித்திப்பு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. 2006 ஆகஸ்டில் மும்பை மாகிம் கடல் தண்ணீர் தித்திக்கிறது என்று கூட்டம் கூடியது. பாட்டிலில் பிடித்தார்கள், குழந்தைகளுக்கும் கொடுத்தார்கள். மழையில் பெருகிய ஆற்று நீர் கலந்து உப்பு குறைந்திருந்தது. கூடவே கழிவும் கலந்திருந்தது. 2012 மார்ச்சில் அதே மும்பையில், இர்லா பகுதியின் வேளாங்கண்ணி மாதா கோயில் முன்னிருந்த சிலுவையில் இயேசுவின் பாதத்திலிருந்து நீர் சொட்டியது. பக்தர்கள் புனித நீராகப் பிடித்தார்கள். சனல் இடமருகு என்ற பகுத்தறிவாளர் வந்து பார்த்து, அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயிலிருந்து சுவர் வழியே ஏறி வரும் தண்ணீர் அது என்றார். சில கத்தோலிக்க அமைப்புகள் அவர்மேல் போலீஸில் புகார் கொடுத்தன. அவர் நாட்டைவிட்டே போய் ஃபின்லாந்தில் தங்க வேண்டியதாயிற்று. புண்படுத்தும் விதமாகப் பேசினார் என்பது புகார்காரர்களின் வாதம். இருக்கட்டும். சாக்கடைத் தண்ணீரைக் குடிக்க இருந்த குழந்தையைக் காப்பாற்றியது யார்?

எண்ணூரில் இந்தக் கேள்விக்கு வேறொரு முகம். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம் கறுத்துப்போன அதே 2023 டிசம்பரில், 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் பகுதியில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூக்கத்தில் இருந்தவர்களுக்கு மூக்கும் தொண்டையும்தான் முதல் எச்சரிக்கை. கண் எரிய, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 2004 சுனாமியும் அதே டிசம்பர் 26. இப்படிப்பட்ட கரையில் 'யாரோ எதையோ அனுப்பினார்கள், விடு' என்று எந்த எச்சரிக்கையையும் உதறிவிட முடியாது. நம்பாமல் இருப்பதற்கும் இங்கே விலை உண்டு.

அதனால்தான் அழும் மாதா வீடியோ இந்த மக்களிடம் சுலபமாக வேலை செய்கிறது. ஆபத்து வருகிறது என்ற பேச்சை அவர்கள் ஏளனம் செய்யப் பழகாதவர்கள். இது பேராசையோ மூடத்தனமோ அல்ல. பலமுறை அடிபட்டவர்களின் முன்ஜாக்கிரதை. அதைக் காசாக்குவதுதான் கோபம் வர வேண்டிய விஷயம். புதிய வாடிகன் விதிகளும் சந்தேகப்பட வேண்டிய அடையாளங்களில் பணம், அதிகாரம், புகழ் தேடுவதைச் சொல்கின்றன. காட்சி என்ற பெயரில் மனிதர்களைக் கட்டுப்படுத்துவது தனிக் கனமுள்ள குற்றம் என்கின்றன.

கத்தோலிக்க ஊடகம் என்றால் எல்லாம் ஒன்றல்ல என்பதையும் ஆயாக்களுக்குச் சொல்ல வேண்டும். தமிழக ஆயர் பேரவையின் 'நம் வாழ்வு' வார இதழ், சாந்தோமிலிருந்து வரும் மாதா டிவி, வாடிகன் செய்திகளின் தமிழ்ப் பிரிவு இவற்றுக்குப் பின்னால் பொறுப்பேற்க ஓர் ஆயரோ அலுவலகமோ இருக்கிறது. தப்பு வந்தால் போய்க் கேட்க ஒரு வாசல் இருக்கிறது. பெயரில் 'அன்னை'யும் 'கத்தோலிக்க'மும் ஒட்டிக்கொண்டிருக்கும் யூடியூப் சேனலுக்கு அது இருக்க வேண்டும் என்றில்லை. திருச்சபைச் சட்டப்படி கத்தோலிக்கம் என்ற பெயரைச் சூட்டிக்கொள்ளவே மேலிடத்தின் சம்மதம் வேண்டும். யார் பார்க்கிறார்கள்? மாதா படத்தில் கண்ணீர் வரவழைப்பது ஏஐயில் இரண்டு நிமிட வேலை.

கோயில் வாசலில் விற்கும் சிறு புத்தகங்களிலும் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கும்: 1966-ன் ஆணைப்படி இத்தகைய நூல்களுக்கு முன் அனுமதி தேவையில்லை. ஆறாம் பவுல் காலத்தில் பழைய தடைச் சட்டம் நீக்கப்பட்டது உண்மைதான். ஆனால் 'அனுமதி தேவையில்லை' என்பது 'அனுமதி கிடைத்தது' ஆகாது. ஆயரின் அச்சு அனுமதி உள்ள புத்தகம்கூட, விசுவாசத்துக்கு முரணான கருத்து இதில் இல்லை என்று மட்டுமே சொல்கிறது. காட்சி நடந்தது என்று அல்ல.

காசிமேட்டுக்காரர் காற்றுச் செய்திக்குக் கேட்கும் கேள்விகளே இங்கேயும் போதும். எந்தத் தேதி? எந்த ஊர்? யாருக்குக் காட்சி? அந்த ஊர் ஆயர் என்ன சொன்னார், அதை அவருடைய மறைமாவட்டமே வெளியிட்டதா, இல்லை இன்னொருவர் வெளியிட்டதாகச் சொல்கிறாரா? பதில் கிடைக்காவிட்டால் பங்குச் சாமியாரிடம் போனைக் காட்டிக் கேட்கலாம். ஆயாவுக்கு அவர்மேல் பேத்தியைவிட நம்பிக்கை அதிகம். மருந்தை நிறுத்தச் சொல்லும் செய்திக்கு மட்டும் அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது.

அந்த ராயபுரத்து வீட்டில் பேத்தி, ஆயாவின் போனை வாங்கி அன்பியம் குரூப்பில் ஒரே ஒரு வரி போடுகிறாள்: 'அக்கா, இது எந்த ஊர், எந்த மறைமாவட்டம்னு தெரியுமா?' நீல டிக் விழுகிறது. பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த வீடியோ இருந்த இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று மட்டும் இருக்கிறது.

ஆயா எதுவும் சொல்லவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் முந்தானையில் ஒரு மெழுகுவர்த்தியை முடிந்துகொண்டு தெருமுனைக் கெபிக்குக் கிளம்புகிறார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்கிறார்:

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியாடி இது?"